தீவு ரிசார்ட்டா, மலை எஸ்டேட்டா? 'சூழல் நட்பு'ன்னு போட்டிருந்தா எதைக் கேட்டுப் பார்க்கணும்?

கேத்தி_மலர் | கேத்தி

எல்லாருக்கும் வணக்கம். வர்ற தை மாசம் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் முடியுது. அப்பா தேயிலை ஃபாக்டரியில ஷிப்ட் பார்த்தே ரிட்டையர் ஆனவர். அம்மா சத்துணவு அமைப்பாளரா இருந்தாங்க. ரெண்டு பேரும் ஊரை விட்டு வெளிய தங்கினதே சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான். இந்தத் தடவை யாரும் வந்து கதவைத் தட்டாத ஒரு இடத்துல அவங்களை நிம்மதியா உட்கார வைக்கணும்னு எனக்கும் அண்ணனுக்கும் ஆசை.

அண்ணன் துபாய்ல இருக்கான். மாலத்தீவுல ஒரு தனித்தீவு ரிசார்ட்டைப் பார்த்து வெச்சிருக்கான். பிளாஸ்டிக் கிடையாது, சோலார், பவளப்பாறை வளர்ப்புன்னு இணையதளத்துல நிறைய எழுதியிருக்காங்க. செலவு அவனுது. அம்மா "அவ்வளவு தூரம் எதுக்குடா, மலையிலயே பாரேன்"ன்னு சொல்றாங்க. நானும் தேடினேன். மசினகுடி ஓரமா ஒரு மரவீடு கிடைச்சது. கொடைக்கானல் தாண்டி கூக்கால் போற வழியில மண்ணால கட்டின குடில்கள் கிடைச்சது. ரெண்டுலயும் மூங்கில் ஸ்ட்ரா, துணிப்பை, 'இயற்கையின் மடியில் சொகுசு'.

நீலகிரியில இருக்கிற கேத்தியில பிறந்து வளர்ந்தவ நான். 2009 நவம்பர் மண்சரிவு எங்க பள்ளத்தாக்குல என்ன பண்ணுச்சுன்னு தெரியும். சரிவை வெட்டிக் கட்டடம் கட்டினா கீழ இருக்கிறவனுக்கு என்ன ஆகும்னும் தெரியும். அம்மா அப்பா சந்தோஷத்துக்கு நான் குடுக்கிற காசு இன்னொரு மலையை அப்படி ஆக்கிடக் கூடாது. ஃபோன் பண்ணி எதைக் கேட்டா உண்மை தெரியும்? அப்பாவுக்கு முட்டிவலி உண்டு, அதையும் மனசுல வெச்சுச் சொல்லுங்க.

---

எஞ்சின்_ரூம் | கூடலூர், இப்போ மாலே

மாலத்தீவு ரிசார்ட்டுகள்ல எஞ்சினியரிங் பிரிவுல வேலை பார்க்கிறேன். வரவேற்பறைக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

அங்க ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். 1972-ல முதல் ரிசார்ட் வந்ததிலிருந்து அதுதான் வழக்கம். தீவுன்னா பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேல ஒண்ணரை மீட்டர் நிக்கிற மணல். அந்த மணலுக்கு அடியில மழைத்தண்ணி மெல்லிசா உப்புத்தண்ணி மேல மிதக்கும். அதிகமா உறிஞ்சினா உப்பு ஏறிடும், அப்புறம் அந்தத் தண்ணி தென்னைக்குக் கூட ஆகாது. அதனால குடிக்க, குளிக்க, துணி துவைக்க எல்லாத்துக்கும் கடல்தண்ணியை உப்பு நீக்குற ஆர்ஓ மெஷின் வழியா தள்ளித்தான் எடுக்கிறோம். ஆயிரம் லிட்டர் எடுக்க 3-லிருந்து 4 யூனிட் கரண்ட் ஆகும். ஒரு லிட்டர் டீசலுக்கு ஜெனரேட்டர் சுமார் மூணரை யூனிட் தரும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஆயிரம் லிட்டர் தண்ணிக்குப் பின்னாடி ஒரு லிட்டர் டீசல் எரியுது. சோலார் போட்டிருக்கிற தீவுகள் இருக்கு, நல்ல விஷயம்தான். ராத்திரி முழுக்க ஓடுற ஏசிக்கு இன்னும் ஜெனரேட்டர்தான் பெரும்பாலான இடத்துல. அரிசி, காய்கறி, பால் எல்லாம் படகுல வரும். குப்பையும் படகுலதான் போகும். மாலே பக்கத்துல திலாஃபுஷின்னு ஒரு தீவே குப்பை கொட்டி உருவானது.

இதையெல்லாம் குறை சொல்ல எழுதல. நல்லா நடத்துற தீவுகள்ல நானே வேலை பார்த்திருக்கேன். கண்ணாடி பாட்டில்ல தண்ணியை அங்கயே நிரப்புவாங்க, சமையல் கழிவை அங்கயே உரமாக்குவாங்க, சுத்திகரிச்ச கழிவுநீரைத் தோட்டத்துக்கு விடுவாங்க. ஒழுங்கா இருக்கிறதுக்கு ஒரு காரணம் உண்டு. கழிவுநீரைச் சுத்திகரிக்காம கடல்ல விட்டா மறுநாள் விருந்தாளி குளிக்கிறது அதே தண்ணியிலதான். 1998-லயும் 2016-லயும் கடல் சூடாகி பவளம் வெளுத்தப்போ அந்த நஷ்டமும் அவங்க வாசல்லயே தெரிஞ்சது. தீவுல நீங்க செய்யறது உங்ககிட்டயே திரும்பி வந்துடும்.

மலையில அப்படி இல்ல. மேல விட்டது கீழ போயிடும், விட்டவன் கண்ணுல படாது. என்னைப் பொறுத்தவரைக்கும் மலையில ஒரு விடுதி 'சூழல் நட்பு'ன்னு சொல்றது, தீவுல ஒருத்தர் சொல்றதை விடக் கூடுதல் சந்தேகத்தோட பார்க்க வேண்டியது. மூங்கில் ஸ்ட்ராவை விட்டுடுங்க. தண்ணி எங்கிருந்து வருது, டாய்லெட் தண்ணி எங்க போய் முடியுது, இந்த ரெண்டையும் கேளுங்க. "செப்டிக் டேங்க் இருக்கு மேடம்"னு ஒரே வரியில நிறுத்தினா, அடுத்து "அந்த டேங்க்ல இருந்து வழியிற தண்ணி எங்க போகுது"ன்னு கேளுங்க. நேர்மையா நடத்துறவர் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார், ஏன்னா யாருமே அவர்கிட்ட அதைக் கேக்கிறது இல்ல.

---

மூணாவது_கியர் | குன்னூர்

நான் டாக்சி ஓட்டறவனுங்க. ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன். நம்ம நீலகிரிப் பதிவு டிஎன் 43 வண்டிக்கு நீலகிரியில ஈ-பாஸ், அதாவது மலைக்கு வர ஆன்லைன்ல எடுக்கிற அனுமதி, வேண்டியதில்லைங்க, கொடைக்கானல் போனா வேணும். ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து ரெண்டு ஊருக்கும் இருக்குது. 2025 சீசன்ல வண்டி எண்ணிக்கையையே கட்டுப்படுத்திட்டாங்க, கொடைக்கானலுக்கு வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறுல 6000. நீலகிரிக்கு 6000, 8000. தை மாசம் அவ்வளவு நெருக்கடி இருக்காதுங்க, ஆனா பொங்கல் லீவு வாரத்தைத் தவிர்த்துடுங்க. பெரியவங்களை வண்டிக்குள்ள மணிக்கணக்கா உக்கார வெச்சா முட்டி வீங்கிடும்.

---

வட்டக்கானல்_நாற்று | கொடைக்கானல்

கேத்தி_மலர் அக்கா, எஞ்சின்_ரூம் அண்ணன் சொன்ன தீவுக் கணக்கை நான் வேற பக்கத்திலிருந்து பார்க்கிறேன். சோலைன்னு சொல்ற மலைக்காட்டு மரங்களோட நாற்று வளர்க்கிறவங்களோட சேர்ந்து வேலை செய்றேன்.

நம்ம மலைகளே தீவுகள்தான். நடுவுல கடலுக்குப் பதிலா சமவெளி. சோலைக்குள்ள வாழுற சின்னப் பறவைகள் பல, வெயில் அடிக்கிற சமவெளியைத் தாண்டிப் பறக்காது. பாலக்காட்டுக் கணவாய் நடுவுல இருக்கிறதால நீலகிரியில இருக்கிற சிரிப்பான் குருவியும் எங்க பழநி மலையில இருக்கிற சிரிப்பானும் தனித்தனி இனமாவே பிரிஞ்சு போச்சு. சோலைக்குள்ள தரையோரமா தாவுற அந்த நீலக் குருவியும் அப்படித்தான், உங்க பக்கம் ஒரு இனம், எங்க பக்கம் இன்னொரு இனம். இதுக எல்லாம் வேற இடத்துக்குக் குடிபோக முடியாது. ஒரு சோலைத் துண்டு போனா அங்க இருந்தது போனதுதான்.

அதனால நான் கேக்கிற முதல் கேள்வி, விடுதி வர்றதுக்கு முன்னாடி அந்த நிலம் என்னவா இருந்தது? பழைய எஸ்டேட் பங்களாவைச் சரிபண்ணித் தங்க வைக்கிறாங்கன்னா ஒரு விதம். உருளைக்கிழங்குத் தோட்டமா இருந்த இடம்னா ஒரு விதம். புல்வெளியைக் 'காலி இடம்'னு நினைச்சு வாங்கிக் கட்டியிருந்தா அதை என்னால சூழல் நட்புன்னு ஒத்துக்க முடியாது. மரம் இல்லாததால அது தரிசு ஆயிடாது. மேல்மலையில சோலையும் புல்வெளியும் சேர்ந்துதான் மழையைப் பிடிச்சு வெச்சு, மழை நின்ன பிறகும் ஓடையா விடும். வெள்ளைக்காரன் காலத்திலயும் அதுக்குப் பிறகும் அந்தப் புல்வெளியைத் தரிசுன்னு எழுதித்தான் வாட்டிலும் யூக்கலிப்டஸும் பைனும் நட்டாங்க. இப்போ வாட்டில் தானா பரவி மிச்சம் இருக்கிற புல்லையும் மூடிக்கிட்டு இருக்கு.

கூக்கால் பக்கம் ஏரி இருக்கு, நல்ல சோலை இருக்கு, சுத்தி பூண்டும் கேரட்டும் போடுற ஊர்கள். அங்கிருந்து ஓடுற தண்ணியை நம்பிக் கீழ விவசாயம் நடக்குது. மண்குடில்னு சொல்றாங்களே, மண்ணுல கட்டினதா இல்லையாங்கிறதை விட எந்தச் சரிவை எவ்வளவு வெட்டி அந்தச் சமதளத்தை எடுத்தாங்கன்னு பாருங்க. அவங்க இணையதளத்துலயே படம் இருக்கும். குடிலுக்குப் பின்னாடி செங்குத்தா செம்மண் சுவர் மாதிரி வெட்டு தெரிஞ்சா எனக்கு அதுவே போதும், மத்ததைக் கேக்க மாட்டேன்.

இன்னொண்ணு, விளக்கு. சோலையோரமா ராத்திரி முழுக்க வெள்ளை விளக்கு எரியற விடுதி பூச்சியை இழுத்துச் சாகடிக்கும், தவளையைக் குழப்பிடும். மஞ்சள் விளக்கு, தரையைப் பார்த்து, தேவையான நேரத்துக்கு மட்டும். இதுக்கு ஒரு ரூபாகூட அதிகச் செலவு இல்ல. இதையே செய்யாதவங்க பெரிய விஷயத்தைச் செய்வாங்கன்னு எனக்கு நம்பிக்கை வராது.

---

ஓய்வுநாள் | கோவை

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா வருஷத்துல ஒரு தடவை போறவங்க மேல இவ்வளவு பாரத்தைத் தூக்கி வைக்கணுமா? அனுமதி குடுக்கிறது அரசாங்கம். மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான ஹாகா ஆணையம் இருக்கு, ஏழு மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கு, கட்டடத் தோற்றத்தைப் பார்க்கிற ஏஏஏ கமிட்டி இருக்கு, கலெக்டர் அனுமதி இல்லாம ஜேசிபி ஓட்ட முடியாது. அதெல்லாம் தாண்டி ஒரு விடுதி நடக்குதுன்னா நடத்த விட்டிருக்காங்கன்னுதானே அர்த்தம்? விருந்தாளி போய் செப்டிக் டேங்க்கைப் பத்திக் கேட்டா அவங்க என்ன நினைப்பாங்க? வயசானவங்களுக்குச் சுடுதண்ணி வருமா, லிஃப்ட் இல்லாம ஏற முடியுமா, டாக்டர் எவ்வளவு தூரம், இதைக் கேளுங்க முதல்ல.

---

மாயாறு_ஓரம் | மசினகுடி

ஓய்வுநாள் சார், அனுமதி இருக்குன்னு நம்பி நாங்க ஒரு ஊரே ஏமாந்தோம். அதனால இதுக்கு நான் பதில் சொல்லியாகணும்.

சீகூர் பீடபூமி யானை வலசைப் பாதை. கிழக்குத் தொடர்ச்சி மலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் கை கோத்துக்கிற இடம். யானை முதுமலையிலிருந்து சத்தியமங்கலம் பக்கம் போகவும் வரவும் இதுதான் வழி. ஒரு பக்கம் நீலகிரியோட செங்குத்துச் சரிவு, இன்னொரு பக்கம் மாயாற்றுப் பள்ளம். நடுவுல இருக்கிற இந்தப் பட்டையிலதான் ரிசார்ட்டு வந்துச்சு, வேலி வந்துச்சு. 2010-ல அரசு வலசைப் பாதைன்னு அறிவிச்சது. 2011-ல ஐகோர்ட் அதை உறுதி பண்ணுச்சு. 2018-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவுல ரிசார்ட்டுகளுக்கு சீல் வெச்சாங்க. 2020 அக்டோபர்ல கடைசித் தீர்ப்பும் வந்துச்சு, அனுமதி விவரத்தை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில குழுவும் போட்டாங்க.

நான் அதுல ஒரு இடத்துல சமையல் வேலை பார்த்தேன். சீல் வெச்ச அன்னைக்கு வேலை போச்சு. என் கூட இருந்தவங்க நிறைய பேர் இருளர் பிள்ளைங்க, ஜீப் ஓட்டினவங்க, துணி துவைச்சவங்க. முதலாளிகளுக்கு வேற ஊர்ல வேற தொழில் இருந்தது, எங்களுக்கு இல்ல. அந்த வலி எனக்கு இன்னும் இருக்கு. அதுக்காக அந்த இடத்துல வேலி போட்டது சரின்னு நான் சொல்ல மாட்டேன். ராத்திரி வேலிக்கு அந்தப் பக்கம் யானைக்கூட்டம் குட்டியோட நின்னு வழி தேடுனதை சமையல்கட்டு ஜன்னல்ல பார்த்தவன் நான்.

2021 ஜனவரியில எங்க ஊர்ல ஒரு காட்டுயானை மேல எரியுற டயரைத் தூக்கிப் போட்டாங்களே, அந்த வீடியோவை நாடே பார்த்துச்சு. அந்த யானை செத்துப் போச்சு. விருந்தாளி தங்குற இடத்துக்குள்ள யானை வரக் கூடாதுங்கிற ஒரே நினைப்பு மனுசனை எங்க கொண்டு போய் நிறுத்துதுன்னு அன்னைக்குப் பார்த்தோம். எங்க ஊர் பொம்பளைங்க அழுதாங்க.

அம்மா கேத்தி_மலர், மரவீடு யார் நடத்துறாங்கன்னு எனக்குத் தெரியாது, அவங்களைப் பத்தி நான் எதுவும் சொல்லல. மூணு விஷயம் மட்டும் கேளுங்க. நிலம் வலசைப் பாதை அறிவிப்புக்குள்ள வருதா? சுத்தி வேலி உண்டா, என்ன வேலி? "நைட் சஃபாரி கூட்டிட்டுப் போவோம்"னு சொல்றாங்களா? மூணாவதுக்கு ஆமான்னு பதில் வந்தா ஃபோனை வெச்சுடுங்க. ராத்திரியில காட்டுக்குள்ள லைட் அடிச்சு விலங்கைத் தேடுறதுக்குச் சட்டத்துல இடமே கிடையாது. முதுமலை, பண்டிப்பூர் வழியா போற மெயின் ரோட்டுலயே ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரைக்கும் போக்குவரத்துத் தடை இருக்கு.

எங்க ஊருக்கு வரவே வேண்டாம்னு சொல்லல. ஊருக்குள்ள, வீடுகளுக்கு நடுவுல, வீட்டுக்காரங்களே நடத்துற தங்குமிடத்துல தங்கி தெப்பக்காடு யானை முகாமைப் போய்ப் பாருங்க. அந்தக் காசு எங்க கைக்கு வரும். தனிமை மட்டும் கிடைக்காது, பக்கத்து வீட்டுச் சேவல் விடியக்காலையிலயே எழுப்பிடும்.

---

கேத்தி_மலர் | கேத்தி

மாயாறு_ஓரம் அண்ணா, உங்க பதிவை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம் "மரவீடு வேண்டாம்மா"ன்னு சொல்லிட்டார். முட்டி காரணமா இருக்கும்னு நினைச்சேன். இல்லையாம், யானை நிக்கிறதைத்தான் நினைச்சாராம்.

ஓய்வுநாள் அண்ணா கேட்ட கேள்விகளும் எனக்கு வேணும். சுடுதண்ணி, டாக்டர் ரெண்டையும் பட்டியல்ல சேர்த்துட்டேன்.

---

ஹட்டி_மகன் | கோத்தகிரி

கூச்சப்படாம செப்டிக் டேங்க்கைப் பத்திக் கேளுங்க அக்கா. கீழ இருக்கிற நாங்க சொல்றோம்.

எங்க ஹட்டிக்கு, அதாவது படுகர் ஊருக்கு, தண்ணி ஊத்துலருந்துதான். எங்க பக்கம் லாங்வுட் சோலைன்னு இருக்கு, 116 ஹெக்டேர். கோத்தகிரி டவுனை ஒட்டியே இருக்கிற சோலை. சுத்தி இருக்கிற கிராமங்களுக்கு அதுதான் தண்ணி. 2024-ல முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது. ஊர்க்காரங்க காவல் காத்ததாலதான் அது இன்னும் நிக்குது. அவ்வளவு சின்னக் காடு அவ்வளவு பேருக்குத் தண்ணி தருதுன்னா, அதுக்கு மேல ஒரே ஒரு கட்டடம் வந்தாலும் என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

எங்க ஊருக்கு மேல சில வருஷத்துக்கு முன்னாடி 'தனிமையில் ஒரு குடில்'னு சொல்லி ஒரு விடுதி வந்துச்சு. பேர் வேண்டாம். ஒவ்வொரு அறையிலயும் குளியல் தொட்டி. வெளிய சின்ன நீச்சல் குளம். போர்வெல் போட கலெக்டர் ஆபீஸ் அனுமதி வேணும், அது கிடைக்காதுன்னு தெரிஞ்சு ஊத்துக்கண்ணுக்குப் பக்கத்துல கிணறு மாதிரி தோண்டி மோட்டார் வெச்சாங்க. பங்குனி சித்திரையில எங்க தொட்டிக்கு விழற தண்ணி நூல் மாதிரி ஆயிடுச்சு. பேசிப் பார்த்தோம், மனு குடுத்தோம். இப்போ சீசன்ல லாரித் தண்ணி வாங்குறாங்க. அந்த லாரி எங்கயோ இன்னொரு ஊத்துல நிரம்பித்தானே வருது?

அங்க வர்றவங்க நல்லவங்கதான். ஊருக்குள்ள நடந்து வருவாங்க, பிள்ளைங்களுக்கு மிட்டாய் குடுப்பாங்க, தேயிலையைப் படம் எடுப்பாங்க. அவங்கள்ல ஒருத்தர்கூட "இந்தத் தொட்டித் தண்ணி எங்கிருந்து வருது"ன்னு மேல ஒரு வார்த்தை கேட்டதில்ல. விருந்தாளிங்க கேட்டிருந்தா எங்க மனுவுக்கு முன்னாடியே வேலை நடந்திருக்கும். விடுதி நடத்துற அவர் பயப்படுறது உங்களுக்குத்தான், எங்களுக்கு இல்ல.

அதனால குளியல் தொட்டி, நீச்சல் குளம் ரெண்டும் இருக்கிற மலை விடுதியை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். எத்தனை மரம் நட்டேன்னு அவர் சொன்னாலும் சரி.

---

ஓய்வுநாள் | கோவை

ஹட்டி_மகன், 'அவர் பயப்படுறது உங்களுக்குத்தான்'ங்கிறது எனக்குப் புரியுது. நான் விருந்தாளியோட பாரம்னு சொன்னதை நீங்க விருந்தாளியோட பலம்னு சொல்றீங்க. சரி, அடுத்த தடவை நானும் கேக்கிறேன். ஆனா அரசாங்கத்தோட பொறுப்பைக் குறைச்சுப் பேசக் கூடாதுங்கிறதுல மாத்தம் இல்ல.

---

வட்டக்கானல்_நாற்று | கொடைக்கானல்

அதை யாரும் குறைக்கல. கொடைக்கானல்ல அனுமதிக்கு மேல மாடி மாடியா எழுப்பின ஒரு ஹோட்டலை எதிர்த்து, பழநி மலைப் பாதுகாப்புக் கவுன்சில் நீதிமன்றத்துக்குப் போய், அந்த வழக்கு 1995-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அனுமதியை மீறினதை ஊர்க்காரங்க பார்த்துக் கேட்டதாலதான் அது வெளிய வந்தது. சட்டம் இருந்தாலும் யாராவது கேட்டாத்தான் நகரும்.

---

கேத்தி_மலர் | கேத்தி

நேத்தும் இன்னைக்கும் உட்கார்ந்து ஃபோன் பண்ணினேன். நடந்ததைச் சொல்லிடறேன், யாருக்காவது உதவும்.

கூக்கால் மண்குடில்: எடுத்தவர் நல்லாப் பேசினார். தண்ணி எங்கிருந்துன்னு கேட்டதும் "அதெல்லாம் பிரச்சினையே இல்ல மேடம், இருபத்திநாலு மணி நேரமும் வரும்"னார். எங்கிருந்துன்னு திரும்பக் கேட்டேன். "மலைத்தண்ணி மேடம், சுத்தமான தண்ணி." கழிவுநீரைக் கேட்டதும் மேனேஜர் திரும்பக் கூப்பிடுவார்னு சொன்னாங்க. கூப்பிடல. நாற்று சொன்ன மாதிரி படங்களைப் பெரிசாக்கிப் பார்த்தேன். குடிலுக்குப் பின்னாடி வெட்டு இருக்கு, ஒரு ஆளை விட உயரம்.

மாலத்தீவு: அண்ணனே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டான். ஒரே நாள்ல விவரமா பதில் வந்தது. எவ்வளவு கரண்ட் சோலார்ல, எவ்வளவு டீசல்ல, சமையல் கழிவு என்ன ஆகுது எல்லாம் எழுதியிருந்தாங்க. எஞ்சின்_ரூம் சொன்னது மாதிரியேதான், அங்க இருக்கிறவங்க இதைக் கணக்கு வெச்சிருக்காங்க. அங்க ஒரு ராத்திரிக்கு ஒரு ஆளுக்கு 12 டாலர் பசுமை வரியும் உண்டாம், 2025-லிருந்து 6 டாலரா இருந்ததை ஏத்தியிருக்காங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சது. ஆனா அம்மாவுக்கு மனசு இல்ல.

மூணாவதா ஒண்ணு. அம்மாவோட பழைய தோழி சொன்ன இடம். தாண்டிக்குடியில ஒரு காபி எஸ்டேட். தாத்தா காலத்து வீட்டோட சில அறைகள், புதுசா எதுவும் கட்டல. ஃபோனை எடுத்தது அந்த வீட்டு அம்மாவே. தண்ணி எங்கிருந்துன்னு கேட்டேன். மழைத்தண்ணித் தொட்டி, அது தீர்ந்தா எஸ்டேட் கிணறு, வைகாசியில தண்ணி குறைஞ்சா அறையை மூடிடுவோம்னாங்க. கழிவுநீரைக் கேட்டேன். சிரிச்சுட்டு, "வந்தா காட்டுறேன்மா, குளிக்கிற தண்ணி கல்வாழைப் பாத்திக்குப் போகுது, டாய்லெட்டுக்குத் தனி டேங்க், நிரம்பினா டவுன்லருந்து வண்டி வரும்"னாங்க. கேம்ப் ஃபயர் கிடையாதாம், பக்கத்துக் காட்டுல பனிக்காலம் முடிஞ்சா தீப் பயம்னாங்க. டிவி கிடையாது. வை-ஃபை வரும் போகும். சமைக்கிறது அதே ஊர்க்கார அக்கா. டாக்டருக்கு வத்தலக்குண்டு இறங்கணும். சின்னதுக்கு அங்கயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்குன்னாங்க.

ஒண்ணு மட்டும் இடிக்குது. கரண்ட் போனா டீசல் ஜெனரேட்டர், அதுவும் பழசாம். சுடுதண்ணி விறகு பாய்லர். எஞ்சின்_ரூம் அண்ணா, இது எப்படி?

---

எஞ்சின்_ரூம் | கூடலூர், இப்போ மாலே

பழைய ஜெனரேட்டர் சத்தமும் புகையும் போடும், உண்மைதான். ஆனா கரண்ட் போற நேரம் மட்டும் ஓடுறதுக்கும், தீவுல மாதிரி ராத்திரி பகலா ஓடுறதுக்கும் பெரிய வித்தியாசம். அதை நான் குறையா எடுத்துக்க மாட்டேன். விறகு எங்கிருந்துன்னு மட்டும் கேளுங்க. எஸ்டேட்ல நிழலுக்கு வெச்ச சில்வர் ஓக்கை வருஷா வருஷம் கவாத்து பண்ணுவாங்க, அந்தக் கிளையே போதும். காட்டுலருந்து சுமந்துக்கிட்டு வந்தா வேண்டாம். சோலார் ஹீட்டர் இருக்கான்னும் கேளுங்க. தை மாசம் வெயில் நல்லா அடிக்கும், ஆடி மாதிரி மூட்டம் இருக்காது. பகல்ல குளிச்சா பாய்லரே பத்த வைக்க வேண்டாம்.

கல்வாழைப் பாத்தி நல்ல ஏற்பாடு. வேர்ல இருக்கிற நுண்ணுயிர் சோப்புத் தண்ணியை உடைச்சிடும். அதுக்கு நீங்களும் ஒரு உதவி செய்யணும். ஆசிட் கலந்த கிளீனர், அதிக நுரை ஷாம்பு கொண்டு போகாதீங்க. பாத்தி செத்துடும்.

"தண்ணி குறைஞ்சா அறையை மூடிடுவோம்"னு ஒரு ஆள் ஃபோன்ல சொல்லிக் கேட்டது எனக்கு இதுதான் முதல் தடவை. நான் வேலை பார்த்த எந்தத் தீவுலயும் அப்படிச் சொன்னதில்ல. அங்க டீசல் இருக்கிற வரைக்கும் தண்ணி இருக்கும்.

---

வட்டக்கானல்_நாற்று | கொடைக்கானல்

தாண்டிக்குடின்னா ரொம்ப சந்தோஷம். கீழ்ப்பழநி மலை. கொடைக்கானல் மாதிரி எலும்பைத் துளைக்கிற குளிர் கிடையாது, அப்பா முட்டிக்கு நல்லது. தை மாசம் காபிப் பழம் பறிக்கிற நேரம். மிளகுக் கொடி, மலை ஆரஞ்சு, பலா எல்லாம் ஒரே நிழல்ல நிக்கும். அந்த மாதிரி பல மரம் கலந்த காபித் தோட்டத்துக்குள்ள பறவை நிறைய இருக்கும், பெரிய மரத்தை வெட்டி வெயில்ல போடுற தோட்டத்துல அவ்வளவு இருக்காது. போகும்போது நிழல் மரம் எத்தனை விதம்னு அந்த அம்மாகிட்ட கேளுங்க, மணிக்கணக்கா சொல்லுவாங்க. பக்கத்துல பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கு. அப்பாவால கொஞ்ச தூரம் நடக்க முடிஞ்சா காலையில போயிட்டு வாங்க. பாலமுருகன் கோயிலுக்கு அம்மா கண்டிப்பா போவாங்க.

தண்ணி பாட்டில் வாங்கிட்டு வராதீங்க. கொடைக்கானல்ல அஞ்சு லிட்டருக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டுலருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கோங்க. நீலகிரிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா, உங்க ஊர்தான் எங்களுக்கெல்லாம் முன்னாடியே பிளாஸ்டிக்கை நிறுத்தின ஊர்.

---

மாயாறு_ஓரம் | மசினகுடி

சமைக்கிற அக்காவுக்குக் கையில ஏதாவது குடுத்துட்டு வாங்கம்மா. ரூம் வாடகை அவங்க கைக்குப் போகுதோ இல்லையோ. சாப்பாடு நல்லா இருந்தா அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

---

கேத்தி_மலர் | கேத்தி

கண்டிப்பா அண்ணா. அட்வான்ஸ் போட்டுட்டேன். விறகு கவாத்துக் கிளைதானாம், சோலார் ஹீட்டரும் இருக்காம். அண்ணன் மாலத்தீவுக்கு வெச்சிருந்த காசுல மிச்சத்தை என்ன பண்ணலாம்னு கேட்டான். கோத்தகிரி பக்கம் சோலை நாற்று வைக்கிறவங்களுக்குக் கொஞ்சம் குடுக்கலாம்னு சொல்லியிருக்கேன். ஹட்டி_மகன், யார்கிட்ட பேசணும்னு தனிச்செய்தியில சொல்லுங்க.

மூணாவது_கியர் அண்ணா, வண்டி நீங்களே வர முடியுமா? எந்த வழியா போறது?

---

மூணாவது_கியர் | குன்னூர்

வர்றேனுங்க. விடியக்காலை இறங்கிடலாம். மேட்டுப்பாளையம், கோவை, பழநி, ஒட்டன்சத்திரம், செம்பட்டி, அங்கிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியா மேல ஏறிடலாம். கொடைக்கானல் மெயின் ரோட்டுக்கே போக வேண்டியதில்லை, பண்ணைக்காடு சுத்து மிச்சம். பெரும்பாறைக்கு மேல ரோடு குறுகலுங்க, எதிர்ல காபி லாரி வரும், மெதுவாத்தான் போகணும். எதுக்கும் ஈ-பாஸ் எடுத்து வெச்சுக்கலாம், காசு கிடையாது. அப்பாவை முன்சீட்ல உக்கார வெச்சுடறேன், காலை நீட்டிக்கலாம். பழநியில நிறுத்தி டிபன் சாப்பிட்டுட்டா மதியச் சாப்பாட்டுக்கு எஸ்டேட் போயிடலாம். வண்டி நம்பர் தனிச்செய்தியில அனுப்பறேன், பாஸுக்கு வேணும்.